ஃபோர்ட் ராஸ்ல இருந்தது ரஷ்யாக்காரங்க மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கலிஃபோர்னியா சுற்றுலா பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. கோல்டன் கேட் பாலம், ரெட்வுட் மரக்காடு எல்லாம் நல்லாவே எழுதியிருந்தாங்க. ஆனா கடைசில ஃபோர்ட் ராஸ் பத்தி ரெண்டே ரெண்டு வரி, ரஷ்ய ராணுவம் கட்டின கோட்டை, ரஷ்யர்கள் வாழ்ந்த இடம், பின்னாடி அலாஸ்காவோட சேத்து அமெரிக்காவுக்கு வித்துட்டாங்கன்னு முடிச்சுட்டாங்க. படிச்சதும் மனசு கேக்கல, ஏன்னா நான் போன மாசம்தான் அந்த இடத்துக்குப் போய் ஒரு முழு நாள் இருந்துட்டு வந்தேன், அந்த ரெண்டு வரில மூணு தப்பு இருக்கு. அதுலயும் அந்த நடுவுல இருக்கற தப்புதான் பெரிய தப்பு, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கேன், மாப்பிள்ளைதான் ஒரு சனிக்கிழமை காலைல கிளப்பி கூட்டிட்டுப் போனார். சான் ஃபிரான்சிஸ்கோலேர்ந்து வடக்க கடலோரமாவே ஹைவே 1ல போகணும், கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம். ஜென்னர்னு ஒரு சின்ன ஊர் வரும், அங்க ஒரு ஆறு கடல்ல கலக்குது, அந்த ஆத்துக்கே ரஷ்யன் ரிவர்னுதான் பேரு. ஆத்து வாய்ல மணல் திட்டு மேல சீல் எல்லாம் கும்பலா படுத்துக் கிடந்துது. அதுக்கப்புறம் ரோடு மலை விளிம்புல வளைஞ்சு வளைஞ்சு போகுது, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் நேரா கடல், பேத்திக்கு தலை சுத்தி ரெண்டு தடவை நிறுத்தினோம். நாங்க போய் இறங்கறப்போ மூடுபனி, பத்தடி தள்ளி என்ன இருக்குன்னு தெரியல. 

முதல்ல அந்த ராணுவம் விஷயத்தை சொல்லிடறேன். அதைக் கட்டினது ராணுவம் இல்ல, ஒரு வியாபாரக் கம்பெனி. ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனின்னு 1799ல ஜார் மன்னர்கிட்ட உரிமை வாங்கி நடத்தினது, அலாஸ்காவுல தோல் வியாபாரம் பண்ணிட்டிருந்தாங்க. அங்க குளிர்ல ஒண்ணும் விளையாது, 1805-06 குளிர்காலத்துல சாப்பாடு இல்லாம ஆளுங்க தவிச்சுப் போனாங்க, அதனால தெக்க ஒரு இடம் பிடிச்சு கோதுமை விளைவிச்சு அனுப்பலாம், அப்படியே கடல் நீர்நாயும் வேட்டையாடலாம்னுதான் 1812ல இவான் குஸ்கோவ்ங்கறவர் தலைமைல வந்து குடியேறினாங்க. பேரே ரோஸியாங்கற சொல்லுலேர்ந்து வந்த ராஸ்தான். சுத்தி ரெட்வுட் மரத்துல உயரமா வேலி, ரெண்டு மூலைல காவல் கோபுரம், ஒண்ணுக்கு ஏழு பக்கம் இன்னொண்ணுக்கு எட்டு பக்கம், பீரங்கியும் இருக்கு, ஆனா சண்டைன்னு ஒண்ணு அங்க நடக்கவே இல்ல.

இப்போ அந்தப் பெரிய விஷயத்துக்கு வரேன். 1812ல வந்து இறங்கினவங்கள்ல ரஷ்யாக்காரங்க 25 பேர்தான், கூட வந்த அலாஸ்கா பூர்வகுடி ஆம்பளைங்க 80 பேர்! 1836ல வெனியாமினோவ்னு ஒரு பாதிரியார் வந்து தலை எண்ணி எழுதி வச்சிருக்கார் (அவர் பின்னாடி அவங்க சபைல புனிதராவே ஆனவர்). மொத்தம் 260 பேர், அதுல ரஷ்யர் 120, ரஷ்ய அப்பாவுக்கும் பூர்வகுடி அம்மாவுக்கும் பொறந்த கிரியோல்னு சொல்றவங்க 51, அலாஸ்காவுல இருக்கற கோடியாக் தீவுக்காரங்க 50, ஞானஸ்நானம் வாங்கின உள்ளூர் இந்தியர் 39. அதாவது கோட்டை நல்லா நடந்துட்டிருந்த காலத்துலகூட பாதிக்கும் மேல ரஷ்யர் இல்லாதவங்கதான், இதுல பக்கத்து கிராமத்துல இருந்த கஷாயாங்கற உள்ளூர் பூர்வகுடி ஜனங்க கணக்குலயே வரல. அப்புறம் எப்படிங்க ரஷ்யர்கள் வாழ்ந்த இடம்னு ஒரு வரில முடிக்கறது?

இது எல்லாம் எனக்கு அந்த சின்ன மியூசியத்துலதான் புரிஞ்சுது. கார் நிறுத்தற இடத்துக்குப் பக்கத்துலயே மரத்தால கட்டின ஒரு கட்டடம், உள்ள போனா பெரிய ஹால் ஒண்ணுதான்னு சொல்லலாம், வேகமா நடந்தா பத்து நிமிஷத்துல வெளிய வந்துடலாம். நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க, ரெஸ்ட்ரூம் போயிட்டு நேரா கோட்டைக்கு ஃபோட்டோ எடுக்கப் போயிடறாங்க. நான் அங்கயே ஒண்ணரை மணி நேரம் நின்னேன், மாப்பிள்ளை பாவம் ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போனார்.

ஒரு இடத்துல கடல் நீர்நாய் தோல் ஒண்ணு தொட்டுப் பாக்கறதுக்குன்னே வச்சிருந்தாங்க. நான் கை வச்சேன், விரலை உள்ள விட்டு விட்டுப் பாக்கறேன், அடித்தோல் தட்டுப்படவே மாட்டேங்குது. அவ்ளோ அடர்த்தி. மத்த கடல் மிருகங்களுக்கு இருக்கற மாதிரி அதுக்கு உடம்புல கொழுப்பு அடுக்கு கிடையாது, குளிரைத் தாங்கறதே அந்த முடிதான், ஒரு சதுர அங்குலத்துல 10 லட்சம் முடி வரைக்கும் இருக்குமாம். சீனாவுல பணக்காரங்க இதுக்கு அவ்ளோ விலை குடுத்தாங்க. அந்த ஒரு முடிக்காகத்தான் இத்தனை கப்பல், இத்தனை ஊர், இத்தனை குடும்பம் பிரிஞ்சது எல்லாம். பேத்தி கையை எடுக்கவே மாட்டேன்னுட்டா, தடவிக்கிட்டே "பாட்டி, இது உயிரோட இருந்துச்சா"ன்னு கேட்டா.

அந்த வேட்டையை ரஷ்யாக்காரங்க பண்ணல, அவங்களுக்கு அது தெரியாது. கோடியாக் தீவு அலுட்டீக் ஜனங்களுக்கும் அலியூட்டியன் தீவு அலியூட் ஜனங்களுக்கும்தான் அந்த வித்தை தெரியும். பைதார்க்கான்னு ஒரு படகு, மரச் சட்டத்து மேல கடல் சிங்கத்தோட தோலை இழுத்துத் தச்சது, மேல ஆள் உக்கார ஓட்டை இருக்கும், ஒண்ணு, ரெண்டு, மூணு ஓட்டைன்னு படகுக்குத் தக்க மாதிரி. அதுல உக்காந்துக்கிட்டு அலை மேலயே ஈட்டி எறிஞ்சு அடிக்கணும். அவங்க போட்டுக்கற மழைக்கோட்டு சீல், கடல் சிங்கம் இதுங்களோட குடலைக் காயவச்சு பட்டை பட்டையா தச்சது, தண்ணி உள்ள இறங்காது. அதைத் தைக்கறது பொம்பளைங்க வேலை. தையல் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் அதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க, ஊசி போன ஓட்டை வழியாகூட தண்ணி வரக்கூடாது, வந்தா கடல்ல இருக்கறவன் விறைச்சே செத்துடுவான். இந்த ஆளுங்க ஆசைப்பட்டு வேலை தேடி வரல, கம்பெனி கட்டாயப்படுத்தித்தான் வேலைக்குப் பிடிச்சுது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கற தீவுலேர்ந்து கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்தாங்க. திரும்பி வீடு போய்ச் சேர்ந்தவங்க உண்டு, போகாதவங்களும் உண்டு. 1820 வாக்குலயே அந்தப் பக்கம் நீர்நாய் அருகிப் போச்சு. இப்போ கலிஃபோர்னியா முழுக்கத் தேடினாலும் 3,000 வாக்குலதான் இருக்கு, அதுவும் தெக்க, ராஸ் பக்கம் இல்ல.

மூணாவது கூட்டம் கஷாயா போமோ ஜனங்க, அந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்க. பேரைக் கேட்டதும் நமக்கு கஷாயம்தான் ஞாபகம் வரும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. கோட்டை இருக்கற இடத்துக்கு அவங்க வச்ச பேரு மெட்டினி. இவங்க பாட்டி தாத்தா காலத்துலேர்ந்து வாய்வழியா சொல்லிட்டு வர்ற கதை இருக்கு, முதல் கப்பல் தூரத்துல தெரிஞ்சப்போ அது கடலுக்கு அடிலேர்ந்து எழும்பி வர்ற மாதிரி இருந்துதாம், அதனால ரஷ்யாக்காரங்களுக்கு அவங்க வச்ச பேரே கடலடி மனுஷங்க. எனக்கு அதைக் கேட்டதும் சிலிர்த்துப் போச்சு. நாம சரித்திரம் படிக்கறப்போ எப்பவும் கப்பல்ல இருந்து கரையைப் பாக்கறோம், அங்க நின்னுதான் கரைலேர்ந்து கப்பலைப் பாத்தேன்.

1817ல கம்பெனி கேப்டன் ஹாகமெய்ஸ்டர்ங்கறவர் கஷாயா தலைவருங்களைக் கூப்பிட்டு உக்காத்தி வச்சுப் பேசி, பதக்கம் எல்லாம் குடுத்து, அவங்க சம்மதத்தோடதான் நாங்க இருக்கோம்னு ஒரு பத்திரம் எழுதி வச்சாங்க. இதை வச்சுக்கிட்டு அப்போ கலிஃபோர்னியாவை வச்சிருந்த ஸ்பெயின்காரனை விட ரஷ்யாக்காரன் நல்லவன்னு சொல்றவங்க இருக்காங்க, ஸ்பெயின் பாதிரியாருங்க நடத்தின மிஷன்கள்ல நடந்த கொடுமையோட ஒப்பிட்டா அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. ஆனா எழுதினது ரஷ்யாக்காரங்க, எழுதின மொழியும் ரஷ்ய மொழி, ஸ்பெயின்காரன் கிட்ட காட்டறதுக்கு கம்பெனிக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்துது. இதே கம்பெனியோட கவர்னர் பாரன் ராங்கல் 1833ல வந்து பாத்துட்டு அவரே எழுதியிருக்கார், அறுவடைக்கு ஆள் பத்தலன்னு சுத்துப்பட்டு இந்தியர்களை வளைச்சுப் பிடிச்சு கையைக் கட்டிக் கூட்டிட்டு வர்றாங்க, கூலியும் சாப்பாடும் மோசம்னு. அவங்க ஆளே சொன்னது. ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாதான் முழு விஷயம் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னா அகழாய்வு பண்ணி எடுத்த சின்னச் சின்னப் பொருளுங்கதான். கோட்டை வேலிக்கு உள்ள அதிகாரிங்க, மேக்கால ரஷ்ய, கிரியோல் குடும்பங்க, தெக்க கடல் விளிம்புல அலாஸ்கா ஜனங்க குடியிருப்பு, மேட்டுப் பக்கம் கஷாயா கிராமம், இப்படித்தான் இருந்திருக்கு. அந்த அலாஸ்கா குடியிருப்பை 1980கள் கடைசில பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்க தோண்டினாங்க. அங்க அலாஸ்கா ஆம்பளைங்களும் கஷாயா மாதிரி உள்ளூர் பொம்பளைங்களும் சேந்து குடும்பம் நடத்தியிருக்காங்க. அவங்க போட்ட குப்பையை வச்சே கண்டுபிடிச்சிருக்காங்க, சாப்பிட்டது சீல், கடல் சிங்கம், அது புருஷன் ஊர் சாப்பாடு, சமைச்ச விதம் பள்ளம் தோண்டி கல்லைச் சூடு பண்ணி மேல வச்சு வேக வைக்கறது, அது பொண்டாட்டி ஊர் சமையல். சூட்டுல வெடிச்ச கல்லு குவியல் குவியலா கிடைச்சிருக்கு. ரெண்டு பேருக்கும் பேச ஒரே பாஷைகூட இருந்திருக்காது, ஆனா அடுப்பு ஒண்ணு. உடைஞ்ச பாட்டில் கண்ணாடியைத் தட்டித் தட்டி கத்தி மாதிரி ஆக்கி வச்சிருக்காங்க, ஆயுதம் செய்யற எரிமலைக் கல்லை எப்படித் தட்டுவாங்களோ அதே மாதிரி. கண்ணாடி மணி, சீன, இங்கிலீஷ் பீங்கான் துண்டு. ஒரு மணி நம்ம கடுகைவிட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான், நீல கலர், நான் கண்ணாடிப் பெட்டில மூக்கு ஒட்டற மாதிரி குனிஞ்சு பாத்துட்டே இருந்தேன். யாரோ ஒரு பொண்ணு கழுத்துல இருந்து அறுந்து விழுந்திருக்கும், தேடியிருப்பா, கிடைச்சிருக்காது.

கஷாயா மொழிக்குள்ள இன்னிக்கும் ரஷ்யச் சொல்லு இருக்கு, சமையல் சாமான், சாப்பாட்டுப் பொருள் பேரு மாதிரி வீட்டுக்குள்ள புழங்கற சொல்லு. அவங்க பின்னின கூடைங்க மியூசியத்துல இருக்கு, பின்னல் அவ்ளோ நெருக்கம், அதுல பழைய கூடைங்க பல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மியூசியத்துல இருக்கு, 1840-41ல இல்யா வோஸ்னெசென்ஸ்கின்னு ஒரு சேகரிப்பாளர் வந்து எடுத்துட்டுப் போனது. கூடை பின்னினவளோட பேரப்பிள்ளைங்க அதைப் பாக்கணும்னா ரஷ்யாவுக்கு டிக்கெட் எடுக்கணும்.

கோட்டைக்குள்ள பத்தி சுருக்கமா சொல்லிடறேன். அங்க நிக்கறதுல ஒரே ஒரு வீடுதான் ரஷ்யர் காலத்து அசல், கடைசி மேனேஜர் ரோட்செவ் குடும்பத்தோட இருந்த வீடு, மத்தது எல்லாம் பின்னாடி திரும்பக் கட்டினது. அந்தச் சின்ன சர்ச் 1906 நிலநடுக்கத்துல உக்காந்து போச்சு, தூக்கிக் கட்டினாங்க, 1970ல தீப்பிடிச்சு முழுசா எரிஞ்சு மணியும் உருகிடுச்சு, உருகின உலோகத்தையும் சேத்து புது மணி வார்த்து திரும்பவும் சர்ச் கட்டினாங்க. ஹைவே 1 ஒரு காலத்துல கோட்டைக்கு நடுவுலயே போயிட்டிருந்துதாம், 1972லதான் தள்ளிப் போட்டிருக்காங்க. நாலு கப்பல் கட்டியிருக்காங்க, ஈர மரத்துல கட்டினதால சில வருஷத்துலயே உளுத்துப் போச்சு. விவசாயமும் சரியா வரல, கடல் பனி, எலி மாதிரி ஒரு கோஃபர் தொல்லை.

விக்கற விஷயம்தான் கட்டுரைல மூணாவது தப்பு. நீர்நாய் தீர்ந்துச்சு, கோதுமை பத்தல, 1839ல ஹட்சன்ஸ் பேங்கற பிரிட்டிஷ் வியாபாரக் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு அலாஸ்காவுக்கு சாப்பாடு வாங்க வழி பண்ணிட்டாங்க, அப்புறம் இந்த இடம் எதுக்குன்னு 1841 டிசம்பர்ல ஜான் சட்டர்ங்கறவருக்கு 30,000 டாலருக்கு வித்தாங்க. 1848ல தங்கம் கிடைச்சுதே அந்த மில்லுக்குச் சொந்தக்காரர் அதே சட்டர்தான். கோட்டையை வித்தப்போ கலிஃபோர்னியாவே அமெரிக்காவுல இல்ல, மெக்சிகோ கையில இருந்துது. அலாஸ்காவை வித்தது 1867ல, 72 லட்சம் டாலருக்கு, அது வேற கதை. இன்னொண்ணு, கம்பெனி வித்தது கட்டடம், மாடு கன்னு, சாமான் செட்டுங்கதான், நிலம் அவங்களோடதுன்னு மெக்சிகோ ஒத்துக்கவே இல்ல. கஷாயாக்காரங்க கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ரஷ்யாக்காரங்க கப்பல் ஏறிப் போனப்புறமும் அவங்க அங்கதான் இருந்தாங்க, அப்புறம் ஒவ்வொரு பண்ணை முதலாளியா வந்து, கொஞ்சம் கொஞ்சமா அந்த இடத்தை விட்டே போக வேண்டியதாப் போச்சு. 2015ல அதே கடற்கரைல கொஞ்சம் வடக்க சுமார் 700 ஏக்கர் அவங்க கைக்குத் திரும்பி வந்திருக்கு. இது நடந்து ரொம்ப வருஷம்கூட ஆகல, சுற்றுலா கட்டுரைன்னாலும் இதுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

கிளம்பறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை கிட்ட சொல்லி கல்லறைக்கும் போனோம். கோட்டைலேர்ந்து பள்ளத்துல இறங்கி எதிர் மேட்டுல ஏறணும், எனக்கு முட்டி வலி, மெதுவா போனேன். புல்லு மேல ரஷ்ய மாடல் மரச் சிலுவைங்க, அந்தக் குறுக்குச் சட்டம் சாய்வா இருக்குமே அந்த மாதிரி, பேரு ஒண்ணும் எழுதல. 1990கள்ல ஆராய்ச்சி பண்ணினப்போ 130க்கும் மேல குழி தெரிஞ்சுது, நிறைய குழில கண்ணாடி மணியும் சின்னச் சிலுவையும் இருந்துது, எல்லாத்தையும் மரியாதையா திரும்ப மூடிட்டாங்க. குழந்தைங்களும் இருக்காங்க. அப்போதான் மூடுபனி விலகி கடல் பளிச்சுன்னு தெரிஞ்சுது, பேத்தி ஒவ்வொரு சிலுவையா நின்னு நின்னு பாத்துட்டு "பாட்டி, ஏன் பேரே போடல"ன்னு கேட்டா. எனக்குத் தெரிஞ்சதை சொன்னேன், அலாஸ்காக்காரங்க, கஷாயாக்காரங்க, ரஷ்யாக்காரங்க, கலந்து பொறந்த பிள்ளைங்க எல்லாரும் இங்க இருக்காங்கன்னு.

ஆசிரியர் ஐயா, அடுத்த ஞாயிறு இணைப்புல ஒரு சின்னத் திருத்தம் போட்டீங்கன்னா போதும்: கட்டினது கம்பெனி, வித்தது 1841ல சட்டருக்கு, இருந்தவங்க அலுட்டீக், அலியூட், கஷாயா, கிரியோல், ரஷ்யர். இந்த அஞ்சு பேரையும் தமிழ்ல அச்சுல பாக்கணும்னு எனக்கு ஆசை. கட்டுரையைப் படிச்சுட்டுப் போகப் போறவங்களுக்கு இன்னும் ஒண்ணு சொல்லிடுங்க, மியூசியம் வாரத்துல எல்லா நாளும் திறந்திருக்கும்னு நம்பிப் போகாதீங்க, முன்னாடியே பாத்து வச்சுட்டுக் கிளம்புங்க, வெயில் காலமா இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கங்க, அந்த ஹால்ல வலது பக்கம் இடது பக்கம்னு அவசரப்படாம அந்த நீல மணி இருக்கற கண்ணாடிப் பெட்டியைத் தேடிப் பாருங்க.

இப்படிக்கு,
உங்க பத்திரிகையோட பல வருஷ வாசகி